கல்யாணம் முடியட்டும்

பைலா ரொட்டியின் ஓரத்தைத் தின்பதை நிறுத்தியது கூடாரப் பண்டிகை சமயத்தில். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு பிள்ளை பெற்ற ஒருத்தி என்ன தின்கிறாள், எப்போது தின்கிறாள் என்று எந்த வீட்டில்தான் கவனித்திருக்கிறார்கள்? ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துக் கைக்குழந்தை மாதிரி உறிஞ்சினாள். "அம்மாவுக்கு இப்பதான் பல் முளைக்குது போல," என்று பெரிய மகன் கிண்டல் செய்தான். அப்பா அன்ஷல் சிரித்தார். பைலாவும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூத்த மகள் ஷிஃப்ராவும் சேர்ந்து சிரித்தவள்தான். பத்தொன்பது வயது, பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் வேலை. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் அவளுடைய கல்யாணப் பேச்சுதான். பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டில் தாய்க்கு வாய்ப்புண் வந்தால் யார் கண்ணில் படும்?

இஸ்ரேலில் எங்கள் யூத ஊரான ப்னே ப்ராக்கில் வரன் பேசுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தரகு பார்க்கிற அம்மாள் பெயரைச் சொன்ன நிமிடத்திலிருந்து இரண்டு பக்கமும் தொலைபேசியில் விழுந்துவிடுவார்கள். பள்ளி ஆசிரியையிடம் கேட்பார்கள், மாடிவீட்டுக்காரியிடம் கேட்பார்கள், மீன்கடைக்காரனைக்கூட விடமாட்டார்கள். அந்த அம்மா கத்துவாளா, அந்த அப்பா ஜெபக்கூடத்துக்கு நேரத்துக்கு வருவாரா என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அப்புறம்... குடும்பத்துல உடம்புக்கு ஏதாவது...?" என்று இழுப்பார்கள். மற்றதெல்லாம் இந்த இழுப்புக்கு வருவதற்கான வழிதான்.

பரம்பரை நோய்களுக்கான ரத்தப் பரிசோதனை வேறு உண்டு. பள்ளிக்கூடத்திலேயே எடுத்து, பெயர் இல்லாமல் ஒரு எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பையன் எண்ணையும் பெண் எண்ணையும் சொன்னால், பொருந்தும் பொருந்தாது என்று ஒரே சொல்லில் பதில் வரும். ஷிஃப்ராவின் எண்ணும் பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் ரொட்டிக்கடைக்காரர் மகன் லெய்பிஷின் எண்ணும் பொருந்தின. அன்ஷல் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். பைலா மட்டும் எழுந்து தட்டுகளை எடுத்தாள். தன் வீட்டில் இருக்கிற நோயை அந்தப் பரிசோதனை தேடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பைலாவுக்கு மிந்தல் என்று ஒரு அக்கா இருந்தாள். முதலில் வாயில் புண், பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளம். கொப்புளம் உடைந்த இடத்தில் தோல் ஈரக் காகிதமாய் உரிந்து வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், ஆனால் முகம் உப்பி ஆளே அடையாளம் தெரியாமல் போனாள். பைலாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பையன் வீட்டார் வந்து, கொடுத்த கைக்கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மிந்தலை ஹைஃபாவில் ஒரு அறை பார்த்து அனுப்பிவைத்தார்கள். யாராவது கேட்டால் அலர்ஜி என்றார்கள், பிறகு கேட்பவர்களும் இல்லாமல் போனார்கள். அவள் அங்கேயே தனியாகச் செத்தாள். பைலா நாலு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள், கடைசியில் அன்ஷல் வந்தார். நல்ல மனிதர், அதிகம் விசாரிக்காதவர்.

ஷிஃப்ராவுக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள் என்பது தெரியும். அலர்ஜி என்றும் தெரியும். அவ்வளவுதான்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. பஸ்காவுக்கும் ஏழு வாரம் கழித்து வரும் அறுப்புப் பண்டிகைக்கும் நடுவில் எங்களவர் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், தேதி அந்தப் பண்டிகைக்கு மறு வாரம் என்று குறித்தார்கள். பஸ்காவுக்கே சம்பந்தி ரெய்ட்சாவும் அவள் கணவரும் மாப்பிள்ளையும் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்துவிட்டார்கள். ரெய்ட்சாவின் தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கல்யாணம் வரை அங்கேதான் ஜாகை.

பஸ்கா விருந்தைப் பைலா வீட்டில்தான் வைத்தார்கள். அந்த விருந்தில் கட்டாயம் தின்ன வேண்டிய கசப்புக்காக அன்ஷல் வீட்டில் கிரெய்ன் கிழங்குதான் வைப்பது வழக்கம். பார்க்க வெள்ளை முள்ளங்கி மாதிரி சாதுவாக இருக்கும், துருவினால் மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். அன்ஷல் பால்கனியில் நின்று துருவிவிட்டுக் கண்ணீரும் மூக்குமாக உள்ளே வந்தார்.

"எங்க வீட்டு கிரெய்ன் தின்னா செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து தண்ணி கேப்பான்!" என்றார் சம்பந்தியிடம்.

"நான் உயிரோட இருக்கும்போதே கேட்டுடறேன். தண்ணி எங்க இருக்கு?" என்றார் ஆண்ட்வெர்ப் சம்பந்தி. மேஜை முழுக்கச் சிரித்தது.

முடியாதவர்களுக்குக் கீரை உண்டு. லெட்டூஸ் கீரையைத் தின்றாலும் கடமை தீர்ந்துவிடும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு தட்டு வைத்திருந்தது. ரெய்ட்சா அந்தத் தட்டைப் பைலா பக்கம் நகர்த்தினாள்.

"சம்பந்தியம்மா, கீரையே போதுமே நமக்கு. என் பல்லும் சரியில்ல. ரெண்டு பேரும் இதையே எடுத்துக்குவோம்."

பைலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை ஷிஃப்ரா அதற்கு முன் பார்த்ததில்லை, கையும் களவுமாகப் பிடிபட்ட திருடி அப்படிப் பார்ப்பாள். ரெய்ட்சாவின் குரலில் பைலாவுக்குப் பரிவு கேட்கவில்லை, அந்தப் பழைய இழுப்புதான் கேட்டது.

"எனக்கு என்ன கேடு? நான் கிரெய்ன்தான் தின்னுவேன்," என்று சொல்லி, ஒரு கைப்பிடி துருவலை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

மென்றாள், விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மேஜையில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான், ஆகவே வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு மேல் காய்ந்த சருகு மாதிரி மொரமொரப்பான பண்டிகை அப்பத்தையும் கடித்தாள். பிறகு சூப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்தாள். அவள் தட்டில் வைத்துப்போன அப்பத்தின் ஓரம் சிவப்பாக இருந்ததை ஷிஃப்ரா பார்த்தாள். சட்டென்று அந்தத் துண்டை எடுத்துத் தன் மடியில் மறைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

பைலா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா! என்னம்மா இது?"

"கத்தாதடி. குழாயைத் திற. சத்தம் வெளிய கேக்கக்கூடாது."

தண்ணீர்ச் சத்தத்துக்கு மறைவில் பைலா சொன்னாள். மிந்தலைப் பற்றி, கைக்கடிகாரத்தைப் பற்றி, கூடாரப் பண்டிகையிலிருந்து வாயில் கிடக்கும் புண்ணைப் பற்றி. கழுத்துப் பட்டியை விலக்கித் தோளைக் காட்டினாள். தோளில் உள்ளங்கை அளவுக்குத் தோலே இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தேள்கடி மாதிரி ஏதோ பூச்சி கடிச்சதுன்னு சொல்லியிருக்கேன். நம்பிட்டாரு. நீ யாருக்கும் சொல்லமாட்டேன்னு சொல்லு. கல்யாணம் முடியட்டும்."

யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஷிஃப்ரா சொன்னாள். இந்த இடத்தில் அவளைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மேஜையில் மாப்பிள்ளை வீடு உட்கார்ந்திருக்க, ரத்தம் ஒழுகும் வாயோடு தாய் கெஞ்சும்போது அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கும் தெரியவேண்டும்.

ஆனால் ஒன்று சாதித்தாள். பண்டிகை முடிந்ததும் அம்மாவை டெல் அவீவில் தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோல் டாக்டர் அவிதால் குட்டை முடியும் பேன்ட்டும் போட்ட பெண். கல்யாணமான எங்கள் பெண்கள் தலைமுடியை மறைக்கப் போடும் விக்கையும், பைலாவின் கனத்த காலுறையையும் பார்த்து முகம் சுளிக்காமல், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சதை எடுத்துச் சோதித்து, அடுத்த வாரம் பேரைச் சொன்னாள். பெம்ஃபிகஸ்.

"இது தொத்து இல்ல. உங்க தோலை ஒட்டவச்சிருக்கிற பசையை உங்க உடம்பே எதிரின்னு நினைச்சு அரிக்குது. அதான் கொப்புளம்."

"பரம்பரைதானே?" என்றாள் பைலா. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

"ரத்தத்துல ஒரு அடையாளம் இருக்கு. கிழக்கு ஐரோப்பாவுலேர்ந்து வந்த நம்ம குடும்பங்கள்ல நிறையப் பேருக்கு உண்டு. நம்ம ஆளுங்கள்ல இந்த நோய் வந்தவங்க பெரும்பாலும் எல்லார்கிட்டயும் அது இருக்கும். ஆனா அது இருக்கிறவங்கள்ல ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட நோய் வர்றதில்ல. அடுப்புல விறகு அடுக்கிவச்ச மாதிரி. யாரு வந்து தீக்குச்சி கிழிக்கிறாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

"எனக்கும் அந்த விறகு இருக்குமா?" என்று கேட்டாள் ஷிஃப்ரா.

"பாதிக்குப் பாதி இருக்கலாம். இருந்தாலும் ஒண்ணும் ஆகாமப் போறதுதான் அதிகம். இதுக்காகக் கல்யாணம் பண்ணிக்காம இருக்கச் சொன்னா நம்ம ஜனங்கள்ல பாதி வீட்டுல கல்யாணமே நடக்காது." டாக்டர் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அம்மா, ஸ்டீராய்டு இன்னிக்கே ஆரம்பிக்கணும். இந்த நோய்ல மாத்திரை சாப்பிட்டவங்க வாழறாங்க. தோல் இல்லாத இடத்துல கிருமி புகுந்தா என்னால எதுவும் செய்யமுடியாது."

"முகம் உப்புமா?"

"கொஞ்ச நாள் உப்பும்."

பைலா மாத்திரையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதைப் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்தாள். பிரிக்கவே இல்லை.

அந்த ஏழு வாரமும் தாயும் மகளும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். சமையலறையில், மொட்டைமாடியில், பேருந்து நிறுத்தத்தில்.

"எனக்குக் கல்யாணமே வேண்டாம், நீ மாத்திரையைச் சாப்பிடு."

"வேண்டாம்னு சொல்லிட்டு உட்காரு. உன் பின்னால மூணு தங்கச்சி இருக்கு. நாலு பேரும் சேர்ந்து என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க."

"செத்துப்போயிடுவம்மா."

"ஏழு வாரத்துல யாருடி செத்தா? மிந்தல் எத்தனை வருஷம் இருந்தா தெரியுமா?" என்று சொல்லிவிட்டுப் பைலா வாயை மூடிக்கொண்டாள். மிந்தல் எப்படி இருந்தாள் என்பதை அவள்தானே அறிவாள்.

புண் தோளிலிருந்து முதுகுக்கு இறங்கியது. தினமும் ஷிஃப்ரா பழைய குழந்தைத் துணிகளை வேகவைத்து, காயவைத்து, அம்மாவின் முதுகில் வைத்துக் கட்டினாள். துணியைப் பிரிக்கும்போது கூடவே தோலும் வரும். பைலா தலையணையைக் கடிக்கவும் முடியாமல் துணுக்கென்று மூச்சை இழுப்பாள். அந்தச் சத்தம் ஷிஃப்ராவால் தாங்கமுடியாததாக இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ரெய்ட்சாவிடம் சொல்லிவிடுவது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், அம்மா மாத்திரை சாப்பிடுவாள்.

மணப்பெண்ணுக்கு விக் வாங்கிக் கொடுப்பது எங்களவரில் மாமியாரின் பொறுப்பு. ஷிஃப்ராவும் ரெய்ட்சாவும் கடையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரி அடுத்த விக்கை எடுக்க உள்ளே போனாள்.

"நீங்க என்னை உதறிட்டாலும் பரவாயில்ல. எங்க அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஷிஃப்ரா. "அம்மாவுக்கு..."

ரெய்ட்சா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

"உங்க அம்மாவைப் பத்தி நீ எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், கண்ணு. நாங்க விசாரிக்க வேண்டியதெல்லாம் விசாரிச்சாச்சு. ஒரு குறையும் இல்லாத வீடு. அதைத் தவிர எதுவும் நான் கேக்க விரும்பல. புரியுதா?"

கண்ணாடியில் அவள் முகம் வெளுத்திருந்தது. ஷிஃப்ராவுக்கு அது கோபமாகத் தெரிந்தது. ஒரு குறையும் இல்லாத வீடு. அதில் ஒரு குறையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எச்சரிக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். கடைக்காரி பழுப்பு நிற விக்கோடு வந்துவிட்டாள். "இது எடுப்பா இருக்கே!" என்றாள் ரெய்ட்சா உரக்க. ஷிஃப்ரா தலையை ஆட்டினாள்.

கல்யாணத்தன்று பைலா கழுத்து வரை மூடிய நீல உடுப்பு போட்டிருந்தாள். உள்ளே மூன்று சுற்றுத் துணி. பந்தலுக்குக் கீழே மாப்பிள்ளையைச் சுற்றிவரும்போது ஒரு பக்கம் பைலா, ஒரு பக்கம் ரெய்ட்சா, நடுவில் முக்காடு போட்ட ஷிஃப்ரா. அம்மாவின் கை அனலாய்க் கொதித்தது. "அம்மா, காய்ச்சல் அடிக்குது," என்று முக்காட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். "சுத்துடி," என்றாள் பைலா.

படம் எடுப்பவள் வந்து, "மணப்பெண்ணோட அம்மா, பல்லு தெரியச் சிரிங்க!" என்றாள். பைலா உதட்டை மூடியபடியே சிரித்தாள். பெண்கள் பக்கத்து நடனத்தில் அவளை நடுவில் இழுத்துவிட்டார்கள். ஆடினாள். மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மகள் முகத்திலிருந்து எடுக்காமல் ஆடினாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை ஷிஃப்ரா தன் அம்மாவிடம் என்றைக்கும் பார்த்ததில்லை. அதை மறக்கவும் அவளால் ஆகாது.

மறுநாள் காலையில் பைலா படுக்கை விரிப்புகளை விலக்கி, மாத்திரையைப் பிரித்து, முதல் மாத்திரையை விழுங்கினாள். கல்யாணம் முடியட்டும் என்று சொன்ன சொல் தவறாதவள். மத்தியானம் நினைவு தப்பியது. முதுகு வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கி நாளாகியிருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்ஷல் தாழ்வாரத்தில் நின்று, "பூச்சிக்கடின்னு சொன்னாளே, பூச்சிக்கடின்னு சொன்னாளே," என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண விருந்து வாரம் பாதிகூடத் தாண்டவில்லை, பைலா போய்விட்டாள்.

அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். மண் போட்டு முடித்த பிறகு ரப்பி ஷிஃப்ராவிடம் வந்தார். மிக மெதுவாகத்தான் சொன்னார். புது மணப்பெண்ணுக்கு ஏழு நாளும் பண்டிகை. அந்த நாட்களில் அவளுக்குத் துக்கம் தொடங்காது. அப்பாவும் தம்பி தங்கைகளும் இன்றே சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையோடு தரையாக உட்காருவார்கள். அவள் கல்யாண உடுப்பில், கணவனோடு, விருந்து மேஜையில் உட்கார வேண்டும். விருந்து முடிந்த மறுநாள் அவள் துக்கம் ஆரம்பிக்கலாம்.

"அதுவரைக்கும்?" என்றாள் ஷிஃப்ரா.

"அதுவரைக்கும் தாங்கிக்கோ, மகளே," என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று மாலை ரெய்ட்சாவின் தங்கை வீட்டில் மேஜை போட்டார்கள். ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் வெள்ளை விரிப்பு உண்டு, மீன் உண்டு, திராட்சை ரசம் உண்டு. பழுப்பு விக்கும் வெள்ளை உடுப்புமாக ஷிஃப்ரா உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி அவளுடைய வீட்டில் துக்கத்துக்காகக் கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடியிருப்பார்கள். லெய்பிஷ் நல்ல பையன். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். ஆண்கள் பேச்சில் இருக்கும்போது ரெய்ட்சா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதைச் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது. எங்களுக்குத் தெரியும், கண்ணு. உங்க பெரியம்மா விஷயம் முதல்லேர்ந்தே தெரியும்."

ஷிஃப்ரா திரும்பிப் பார்த்தாள்.

"லெய்பிஷோட சித்தப்பாவுக்கும் அதே நோய். எங்க கடையில தினம் காலையில ரொட்டி சுடறாரே, அவருக்குத்தான். பன்னெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறாரு. முகம் உப்புச்சு, அப்புறம் வடிஞ்சுபோச்சு. நல்லாத்தான் இருக்காரு. உங்க வீட்டுலயும் இது இருந்ததுன்னு கேள்விப்பட்டுதான் நான் உங்களைத் தேடி வந்தேன். வேற யாரு எங்களைப் புரிஞ்சுப்பாங்கன்னு நினைச்சேன். ஆனா சொல்ல பயமா இருந்துச்சு. எங்க ரத்தத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சா உங்க அம்மா, ரெண்டு பக்கமும் இருந்தா பிள்ளைங்களுக்கு என்ன ஆகுமோன்னு, வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு. அந்த விக் கடையில நீ வாயைத் திறந்தப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. நீ எங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுதான் பேச வர்றேன்னு நினைச்சேன். உங்க அம்மாவுக்கே வந்திருக்கும்னு சத்தியமா நினைக்கல. பல்லு வலின்னுதான் நினைச்சேன்."

அவள் அழுதாள். அழுவதற்கு அவளுக்குத் தடை எதுவும் இல்லை. ஷிஃப்ரா வெள்ளை விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு சொல். விக் கடையில் இன்னும் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், அம்மா அன்று சாயங்காலமே மாத்திரை சாப்பிட்டிருப்பாள், அடுத்த பண்டிகைக்கு உப்பிய முகத்தோடு இந்த மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பாள்.

மேஜையின் தலைமாட்டில் ஆண்ட்வெர்ப் சம்பந்தி கோப்பையை உயர்த்தினார். ஏழு ஆசிகளும் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. கடைசி ஆசிக்கு வந்ததும் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். மணமகனை மணமகளோடு மகிழச் செய்கிறவருக்கு ஸ்தோத்திரம் என்று அவர் முடித்தார்.

"ஆமென்," என்றாள் ஷிஃப்ரா.